‘நோ ஸ்டபிள்’ என்றால் என்ன செய்ய வேண்டும்? சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

கப்பல் பட்டறை, பெயின்ட் வேலை, வெல்டிங், ரசாயனத் தொழிற்சாலை என்று மாஸ்க் போட்டுச் செய்யும் வேலைக்குச் சிங்கப்பூர் வரும் நம் ஆட்கள் சீக்கிரமே கேட்டுவிடும் ஒரு சொல் ஸ்டபிள். ஊரில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பியர்ட் என்றால் தாடி, மஸ்டாஷ் என்றால் மீசை என்று தெரிந்தவர்கள்கூட இதைக் கேட்டால் முழிக்கிறார்கள். காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சேஃப்டி ஆபீசர் ‘நோ பியர்ட், நோ ஸ்டபிள்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். நாமும் ‘யெஸ் சார்’ என்று தலையாட்டிவிடுவோம்.

இந்தச் சொல் புரியாததால் மாஸ்க் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் போவது அரை நாள்தான். யாரும் கவனிக்காமல் உள்ளே போய், மாஸ்க் போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையிலேயே புகையை இழுத்துக்கொண்டிருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அதனால் இந்த ஒரு சொல்லை முழுதாகப் பார்த்துவிடுவோம்: பொருள், உச்சரிப்பு, கேட்டவுடன் செய்ய வேண்டியது.

முதலில் பொருள்

மழித்த முகத்தில் திரும்ப முளைத்து, குட்டையாக, விறைப்பாக நிற்கும் முடிதான் ஸ்டபிள். ஊரில் ‘ரெண்டு நாள் தாடி’, ‘முள்ளு தாடி’ என்கிறோமே, அதுதான். கண்ணுக்கு லேசான கருமையாகத் தெரியும், கையால் தடவினால் சொரசொரவென்று குத்தும். கன்னம், தாடை, கழுத்து, மேலுதடு என எங்கே இருந்தாலும் பெயர் இதுதான்.

டெல்டா பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் முகத்துக்கு உரியதே அல்ல. கதிர் அறுத்த பிறகு வயலில் நிற்கிறதே அரிதாள், அதற்குத்தான் ஸ்டபிள் என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் மழித்த முகத்தில் முளைக்கும் முடிக்கும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். பஞ்சாபில் வைக்கோல் தாளை எரிப்பதால் டில்லியில் புகை மூட்டம் என்று வருடா வருடம் செய்தி வருமே, ஆங்கில செய்தியில் அது ‘ஸ்டபிள் பர்னிங்’. சீன மொழியிலும் இதே கதைதான். மாண்டரினில் இந்த முடியை ‘ஹூச்சா’ என்பார்கள். அதில் வரும் ‘ச்சா’ அறுத்த வயலில் நிற்கும் தாள். அறுத்த வயலை ஒருமுறை மனதில் கொண்டுவந்துவிட்டால் சொல் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் ஸ்டபிள் எங்கே முடிந்து பியர்ட் எங்கே தொடங்குகிறது? அளவுகோல் வைத்துச் சொல்ல முடியாது. முடி படிந்து, வளைந்து, தோலை மறைக்க ஆரம்பித்தால் அது தாடி. தோல் தெரிய, முடி நட்டுக்கொண்டு நின்றால் ஸ்டபிள். முக முடி ஒரு நாளைக்குச் சுமாராக 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை வளரும். முந்தின நாள் காலையில் மழித்தவருக்கு மறுநாள் வேலைக்கு வரும்போது ஸ்டபிள் வந்திருக்கும். அடர்த்தியான முடி உள்ளவர்களுக்குக் காலையில் மழித்தாலே மாலைக்குள் நிழல் தட்டிவிடும். ஆங்கிலத்தில் அதற்குத் தனியாகவே ‘ஃபைவ் ஓ’க்ளாக் ஷாடோ’ என்று ஒரு பெயர் உண்டு, மாலை ஐந்து மணி நிழல் என்று.

இனி உச்சரிப்பு

எழுத்துகள் வரிசையாக: எஸ், டி, யு, பி, பி, எல், இ. நோட்டீஸ் போர்டில் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். யு எழுத்தைப் பார்த்துவிட்டு ‘ஸ்டூபிள்’ என்று படிக்க வேண்டாம். பஸ், கப், லஞ்ச் ஆகியவற்றில் வரும் அதே ‘அ’ ஒலிதான் இங்கேயும்.

நம் வாயில் சிக்குவது நான்கு இடங்களில்.

சொல்லின் தொடக்கம் முதலாவது. ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு இதையும் ‘இஸ்டபிள்’ ஆக்கிவிடும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றை மட்டும் கொஞ்ச நேரம் விடுங்கள், அப்படியே நிறுத்தாமல் ‘டப்’ என்று இறங்குங்கள். நான்கைந்து முறை சொன்னால் முன்னால் ஒட்டும் ‘இ’ தானாகப் போய்விடும்.

அடுத்தது நடுவில் உள்ள ‘ப’. இதுதான் முக்கியம். இரண்டு பி இருக்கிறதே என்று ‘கப்பல்’ போல அழுத்தி ‘ஸ்டப்பிள்’ என்று சொல்லக் கூடாது. தம்பி, அன்பு ஆகியவற்றில் வரும் மெல்லிய ‘ப’ வேண்டும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால் இதை எழுதிக் காட்ட முடியவில்லை, வாயால் சொல்லிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ‘தம்பி’ என்று சொல்லிவிட்டு உடனே ‘ஸ்டபிள்’ சொல்லுங்கள், உதடு சரியாக வரும்.

மூன்றாவது, கடைசி ஒலி. ‘ஸ்டபிளு’ என்று ஒரு ‘உ’ சேர்ப்பது நம் வழக்கம், அதை விட்டுவிடுங்கள். ‘ள்’ என்று எழுதுகிறோமே தவிர நாக்கை மடிக்கத் தேவையில்லை. ‘பல்’ என்று சொல்லும்போது நாக்கு நுனி போகும் இடத்துக்குப் போனால் போதும். ‘பி’க்கும் ‘ள்’ளுக்கும் நடுவில் உயிர் ஒலி இருந்தும் இல்லாதது போல இருக்கும்.

நான்காவது, அழுத்தம். முழு வலுவும் ‘ஸ்டப்’ மீது, ‘பிள்’ லேசாக விழ வேண்டும். டபுள், ட்ரபுள், பபுள் இவற்றோடு சேர்த்துச் சொல்லிப் பழகினால் தாளம் பிடிபட்டுவிடும். எல்லாம் ஒரே ஓசையில் முடிபவை.

சரியாகச் சொல்வது இருக்கட்டும், சரியாகக் கேட்பது அதைவிட முக்கியம். சிங்கப்பூர்க்காரர்கள் பேசும் ஆங்கிலத்தில் இந்தக் கடைசி ‘ல்’ பெரும்பாலும் கரைந்துவிடும், ‘ஸ்டபொ’ என்பது போலத்தான் காதில் விழும். பியர்ட் என்பதிலும் ‘ர்’ கேட்காது, கடைசி ‘ட்’ பாதி முழுங்கப்பட்டிருக்கும். ஆகவே ‘நோ ஸ்டபொ ஆ’ என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வேலையிடத்தில் இதோடு குழம்பக்கூடிய இரண்டு சொற்கள் உண்டு, இரண்டுமே பாதுகாப்புப் பேச்சில் அடிக்கடி வருபவை. ஸ்டேபிள் என்றால் ஆடாமல் அசையாமல் நிற்பது. ‘இஸ் த லேடர் ஸ்டேபிள்?’ என்று கேட்டால் ஏணியைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், தாடையைத் தடவக் கூடாது. ஸ்டம்பிள் என்றால் கால் தடுக்கித் தடுமாறுவது. ‘ஸ்ட’வுக்குப் பின்னால் வருவது ‘அ’வா, ‘ஏ’யா, நடுவில் ‘ம்’ இருக்கிறதா என்று காது பிரித்தறிய வேண்டும்.

இலக்கணம் சின்னதுதான். இந்தச் சொல்லுக்குப் பன்மை போட வேண்டாம், முகமெல்லாம் இருந்தாலும் ‘ஸ்டபிள்’தான். ‘யூ ஹேவ் ஸ்டபிள்’ என்றால் உங்கள் முகத்தில் முடி முளைத்திருக்கிறது என்று பொருள். ‘ஷேவ் இட் ஆஃப்’ என்றால் மழித்துவிடு. ‘ஸ்டப்ளி’ என்று வந்தால் அது பெயரடை, முள்முள்ளாக இருக்கிற என்று அர்த்தம்.

கூடவே தெரிந்திருக்க வேண்டியவை

பியர்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை ‘பேர்ட்’ என்று சொன்னால் பறவையாகிவிடும். காதைக் குறிக்கும் இயர், பக்கத்தைக் குறிக்கும் நியர் இவற்றின் ஓசையோடு கடைசியில் ஒரு ‘ட்’ சேர்த்தால் தாடி. ‘கேட்டேன்’ என்பதற்கான ஹேர்ட் என்ற சொல்லிலும் நடுவில் இதே எழுத்துகள்தான், ஆனால் ஓசை வேறு. எழுத்தை நம்பாதீர்கள், ‘இயர்’ ஓசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மீசைக்குப் பிரிட்டிஷ் முறையில் ‘மஸ்டாஷ்’, அழுத்தம் ‘டாஷ்’ மீது. அமெரிக்கர்கள் ‘மஸ்’ஸில் அழுத்துவார்கள். மலாய்க்கார நண்பரிடம் இந்தத் தொல்லையே இல்லை. மலாய் மொழியில் மீசைக்கு ‘மிசாய்’ என்பார்கள், நம் மீசைதான் கடல் கடந்து அங்கே போயிருக்கிறது. தாடிக்கு அவர்கள் சொல் ‘ஜங்குட்’. பங்களாதேஷ் ஆட்கள் ‘தாரி’ என்றால் அது கிட்டத்தட்ட நம் தாடியேதான். கோட்டீ என்பது முகவாயில் மட்டும் விடும் ஆட்டுத்தாடி, அழுத்தம் ‘டீ’ மீது. சைட்பர்ன்ஸ் என்றால் கிருதா. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்த ஆம்புரோஸ் பர்ன்சைட் வைத்திருந்த பெரிய கிருதாவால் வந்த பெயர் அது, அவர் பெயரே முன்பின்னாகத் திரும்பி அப்படி ஆகிவிட்டது. க்ளீன் ஷேவன் என்றால் முழுக்க மழித்த முகம். நாம் ‘ஐ ஆம் க்ளீன் ஷேவ்’ என்று சொல்லிவிடுவோம், ‘ஷேவன்’ என்று முடிப்பதுதான் சரி.

மாஸ்க் சோதனையில் என்ன நடக்கிறது

எதற்காக இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு இடம் என்று தோன்றலாம். மாஸ்க் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் புரியும். என்95 மாஸ்க்கில் உள்ள எண், காற்றில் உள்ள மிக நுண்ணிய துகளில் குறைந்தது 95 விழுக்காட்டை அது வடிகட்டும் என்பதைச் சொல்கிறது. அதன் சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் துகள் சுமார் 0.3 மைக்ரான். தாடி முடி ஒன்றின் பருமனோ 100 மைக்ரானை ஒட்டியது. மாஸ்க்கின் விளிம்பு தோலோடு ஒட்டி உட்கார வேண்டிய இடத்தில் இந்த முடி வரிசையாக நின்றால் விளிம்பைத் தூக்கிப் பிடிக்கும். நாம் மூச்சை இழுக்கும்போது காற்று வடிகட்டி வழியாக வருவதைவிட அந்த இடுக்கு வழியாக வருவதுதான் சுலபம். வெல்டிங் புகை, பெயின்ட் தூள், மணல் தூசி எல்லாம் கூடவே வரும். நீளமான தாடியில்தான் சிக்கல், சின்ன முடியில் என்ன ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. குட்டை முடி விறைப்பாக நிற்பதால் அதுவும் விளிம்பைத் தள்ளும்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2017-ல் பல வகைத் தாடி மீசைகளை வரைந்து, எதோடு மாஸ்க் போடலாம், எதோடு போடக் கூடாது என்று ஒரு படம் வெளியிட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது அது உலகமெல்லாம் சுற்றியது. முழுத் தாடிக்கு அதில் பெருக்கல் குறி. ஸ்டபிளுக்கும் அதே பெருக்கல் குறிதான். மாஸ்க்குக்குள் அடங்கி, விளிம்பைத் தொடாத மீசைக்குத் தடையில்லை. மீசையை எடுக்க மனம் வராத நம் ஆட்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். முனை வெளியே நீளும் முறுக்கு மீசை என்றால் விளிம்பில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாஸ்க் முகத்தில் சரியாக ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைதான் ஃபிட் டெஸ்ட். அப்படி ஒரு நாளில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் என் பக்கத்தில் வரிசையில் நின்றார். சோதனை செய்பவர் அவர் தாடையைப் பார்த்தார், கையுறை போட்ட விரலால் ஒருமுறை தடவினார், ‘ஸ்டபிள். கேனாட். ஷேவ், கம் பேக்’ என்றார். தம்பி ‘யெஸ் சார்’ என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சோதனை செய்பவர் மறுபடி சொன்னார். தம்பி என்னைப் பார்த்தார்.

“அண்ணே, என்ன சொல்றாரு?”

“முகத்துல முள்ளு முடி இருக்காம், மழிச்சிட்டு வரச் சொல்றாரு தம்பி.”

“நேத்து ராத்திரிதானேண்ணே ட்ரிம்மர் போட்டேன்? ஜீரோ வச்சுதான் போட்டேன்.”

அவர் சொன்னது உண்மைதான். சிக்கலே அங்கேதான். ட்ரிம்மர் எவ்வளவு ஒட்டப் போட்டாலும் ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்காவது முடியை விட்டுவிடும், இரவு முழுக்க அது வளரவும் செய்யும். ட்ரிம் என்பது வேறு, ஷேவ் என்பது வேறு. ‘நோ ஸ்டபிள்’ என்றால் பிளேடு வைத்து மழிக்க வேண்டும், அதுவும் அன்று காலையிலேயே. கேன்டீன் பக்கத்துக் கடையில் ஒரு ரேசர் வாங்கி, கழிவறையில் சோப்பு நுரை போட்டு மழித்துவிட்டு அவர் திரும்பி வந்தார். தலையை மூடும் ஹூட்டை மாட்டி, முன்பக்கத் துளை வழியாகக் கசப்பு மருந்தைத் தூவினார்கள். தலையை இடமும் வலமும் திருப்பச் சொல்வார்கள், மேலும் கீழும் பார்க்கச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள். நாக்கில் கசப்பு தெரியாவிட்டால் மாஸ்க் முகத்தில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். தெரிந்தால் உடனே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். பாஸ் ஆக வேண்டும் என்று கசப்பை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், பின்னால் கெடுவது உங்கள் நுரையீரல்தான். அந்தத் தம்பிக்குக் கசக்கவில்லை, பாஸ்.

மழிக்கப் போகும்போது

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா பக்கம் போனால் கவலையே இல்லை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்துகளில் நம் ஆட்களின் முடிதிருத்தும் கடைகள் இருக்கின்றன, தமிழிலேயே சொல்லலாம். ஆனால் ஞாயிறு மழித்தது திங்களுக்கே சரியாக வராது, செவ்வாய்க்குச் சுத்தமாக உதவாது. தங்கும் விடுதியில் நீங்களே தினமும் மழித்துப் பழகுங்கள். ஒரு ரேசரும் சின்ன சோப்பும் லாக்கரிலும் இருக்கட்டும். வெறும் தோலில் வறட்டு மழிப்பு வேண்டாம், இங்கே இருக்கும் புழுக்கத்தில் சின்னக் கீறலும் வியர்வை பட்டு எரியும்.

வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகளின் கீழே இருக்கும் சீன, மலாய்க் கடைகளுக்குப் போனால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கும். சில விரைவுக் கடைகளில் தலைமுடி மட்டும்தான் வெட்டுவார்கள், அதனால் உட்காருவதற்கு முன்பே ‘டூ யூ டூ ஷேவிங்?’ என்று கேட்டுவிடுங்கள். எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. இங்கே ‘ஷ’வைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஊர்ப் பழக்கத்தில் ‘சேவிங்’ என்றால் அது சேமிப்பாகக் கேட்கும். முழுக்க மழிக்க வேண்டுமானால் ‘க்ளீன் ஷேவ், நோ ஸ்டபிள்’. மீசையை விட வேண்டுமானால் ‘கீப் த மஸ்டாஷ், ஷேவ் த ரெஸ்ட்’. மாஸ்க் வேலை இல்லாதவர், அழகுக்காகவே அந்த முள் தாடியை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் ‘கீப் த ஸ்டபிள், நம்பர் ஒன்’ என்று சொல்லலாம். மெஷினில் நம்பர் ஒன் என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், நம்பர் டூ சுமார் 6.

மாலை போட்டிருந்தால், நேர்த்திக்கடன் இருந்தால்

இதைப் பலர் சொல்லத் தயங்குகிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருப்பவர்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்திருப்பவர்கள், மனைவி மாசமாக இருப்பதால் முடி எடுக்காதவர்கள், வீட்டில் துக்கம் நடந்தவர்கள், மார்க்கப்படி தாடி வைத்திருக்கும் இஸ்லாமிய நண்பர்கள் என்று காரணங்கள் எத்தனையோ. தாடியை மறைத்துக்கொண்டு மாஸ்க் போட்டு உள்ளே போவது மட்டும் வேண்டாம்.

சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே நேராகச் சொல்லுங்கள்: ‘சார், ஐ ஹேவ் அ ரிலிஜியஸ் வவ். ஐ கேனாட் ஷேவ்.’ ‘வவ்’ என்றால் நேர்த்தி, விரதம். ‘கான்ட்’ என்று சுருக்காமல் ‘கேனாட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள், இங்கே எல்லோருக்கும் பழகிய சொல் அது, தவறாகக் கேட்கவும் வாய்ப்பில்லை. எந்தத் தேதி வரை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்த நாள்களில் மாஸ்க் தேவைப்படாத வேலைக்கு மாற்றித் தரக் கேட்கலாம். தாடியோடு போடக்கூடிய சாதனமும் உண்டு. இடுப்பில் கட்டிய மோட்டார் வடிகட்டிய காற்றைக் குழாய் வழியாக ஊத, தலையைத் தளர்வாக மூடும் ஹூட் அது. வேலையிடத்தில் அதைப் ‘பேப்பர்’ என்று சொல்வதைக் கேட்கலாம், காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். முகத்தில் ஒட்ட வேண்டிய விளிம்பு அதில் இல்லாததால் தாடி தடையாகாது. எல்லாக் கம்பெனியிலும் அது இருக்காது, விலை அதிகம். அதனால்தான் மாலை போடும் நாளுக்கு ஓரிரு வாரம் முன்பே கேட்டுவைக்கச் சொல்கிறேன். அன்று காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சொன்னால் சூப்பர்வைசருக்கு வேறு ஆள் தேட நேரம் இருக்காது.